விண்டோஸ் மாற்றியபின் ஃபைல்களைக் காணோமா? தேட வேண்டிய இடங்களும் தேட வேண்டிய வரிசையும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. கிருஷ்ணகிரியில் சிறியதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் விண்டோஸ் 11-க்கு மாறியவர்களில் சிலர், மாறிய கையோடு சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் அக்கா ஒருவர் அப்படி வந்தவர்தான். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா என்று ரகவாரியாக ஆறு வருஷத்து ஒட்டுக்கன்றுக் கணக்கை எக்செல்லில் வைத்திருந்தார். வீட்டுப் பையன் புதிய விண்டோஸ் போட்டான். டெஸ்க்டாப் துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி ஆகிவிட்டது. “ஆறு வருஷக் கணக்கு தம்பி. போனது போனதுதானா?” என்றார்.

என் கைக்கு வந்த சிஸ்டங்களில் பெரும்பாலானவற்றில் ஃபைல் அழியவில்லை, இடம் மாறியிருந்தது. அழிந்தவற்றிலும் பல, விண்டோஸ் மாறியதால் அழிந்தவை அல்ல. மாறியதற்குப் பிறகு பதற்றத்தில் செய்த வேலைகளால் அழிந்தவை. ஆகவே தேடுவதில் வரிசை முக்கியம். சேதம் உண்டாக்காத தேடலை முதலில் செய்யுங்கள். மீட்பு மென்பொருளுக்குக் கடைசியில் போகலாம்.

தொடுவதற்கு முன்

ஃபைலைக் காணோம் என்று தெரிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். படம் டவுன்லோடு, புது மென்பொருள், “இடம் காலி செய்கிறேன்” என்று கிளீனர் ஓட்டுவது எல்லாம் நிற்கட்டும். காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் அது அந்த நொடியே துடைக்கப்படுவதில்லை. அதன் பெயர் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது, அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். போச்சம்பள்ளிச் சந்தையில் ஒருவர் கடையைக் காலி செய்து போனாலும், அடுத்தவர் வந்து சாக்கு விரிக்கும்வரை அங்கே சிந்திய புளி அங்கேயே கிடக்கும் அல்லவா? அதே கதைதான். நீங்கள் டவுன்லோடு செய்யும் ஒவ்வொரு படமும் அங்கே விரிக்கும் சாக்கு.

அடுத்து, விண்டோஸ் மாறிய தேதியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து பத்து நாள் உங்கள் கெடு. ஏன் பத்து என்பது கீழே வருகிறது.

பிறகு நடந்தது என்ன என்று கண்டுபிடியுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் “அப்டேட் பண்ணினோம்” என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு வேலைகள் இருக்கின்றன. பழைய விண்டோஸ் மேலேயே புதியது ஏறியிருக்கலாம். ஃபார்மட் செய்யாமல் புதிதாகப் போட்டிருக்கலாம். சி டிரைவை ஃபார்மட் அடித்துப் போட்டிருக்கலாம். அல்லது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான டிஸ்க்கை மாட்டிப் போட்டிருக்கலாம். டேலி, பிரிண்டர், ஆபீஸ் எல்லாம் அப்படியே இருந்தால் முதல் வகை. எதுவுமே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் மற்ற மூன்றில் ஒன்று.

நான்காவது வகையில் தேடவே வேண்டியதில்லை. உங்கள் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். அது உங்கள் லேப்டாப் பையிலோ சர்வீஸ் செய்தவரின் மேஜை டிராயரிலோ கிடக்கும். 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்களை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. வேகத்துக்காக எஸ்எஸ்டி மாட்டிய பிறகு பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்காமல் போனவர்கள் அதைவிட நிறைய. போய்க் கேளுங்கள். கிடைத்தால், யூஎஸ்பி கேஸில் (டிஸ்க்கை வெளியிலிருந்து மாட்ட உதவும் பெட்டி) போட்டு எந்தக் கம்ப்யூட்டரிலும் பென்டிரைவ் மாதிரி திறக்கலாம்.

படி 1: நீங்கள் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறீர்களா?

சில சமயம் விண்டோஸ் உங்கள் கணக்கைத் திறக்க முடியாமல், தற்காலிகக் கணக்கு ஒன்றில் உள்ளே விட்டுவிடும். டெஸ்க்டாப் காலி, வால்பேப்பர் மாறியிருக்கும், மூலையில் தற்காலிக புரொஃபைல் என்று ஓர் அறிவிப்பு வந்து போயிருக்கும். 2020 பிப்ரவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு இப்படித்தான் ஆனது. ஃபைல்கள் அழியவில்லை, பழைய புரொஃபைல் பெயரின் பின்னால் ஓர் ஒட்டு சேர்ந்து பக்கத்திலேயே கிடந்தது.

கம்ப்யூட்டரை இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதிலேயே சரியாகிவிடுவதும் உண்டு. ஆகவில்லை என்றால் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அங்கே எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் பெயரில் ஒன்றும், டெம்ப் என்று ஒன்றும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பழைய பெயருள்ள ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் திறந்து பாருங்கள். இருந்தால் வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிடுங்கள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. தற்காலிகக் கணக்கில் இருந்தபடி நீங்கள் செய்யும் புது வேலை, சைன் அவுட் செய்ததும் போய்விடும். அந்த நிலையில் பில் அடிக்காதீர்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய்த் திருத்தும் வழியும் இருக்கிறது, ஆனால் நான் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. புதிதாக ஒரு யூசர் உருவாக்கி, ஃபைல்களை அங்கே கொண்டுவருவது நிம்மதி.

அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரிலேயே உள்ளே போய் வேலை செய்து பழகிய அலுவலகங்கள் உண்டு. விண்டோஸ் மாறும்போது அந்தக் கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம். யூசர்ஸ் ஃபோல்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருந்தால் அதையும் திறந்து பாருங்கள்.

படி 2: ஒன்டிரைவ்

ஒன்டிரைவ் என்பது நெட்டில் ஃபைல் வைக்க மைக்ரோசாஃப்ட் தரும் இடம். இப்போதெல்லாம் எனக்கு அதிகம் சிக்குவது இதுதான். விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால், பேக்கப் என்ற பெயரில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறிவிடுவதுண்டு. உங்களிடம் கேட்டிருக்கும், நீங்கள் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டியிருப்பீர்கள். கேட்காமலே ஆன் ஆனதும் உண்டு. அப்புறம் யாராவது “இது நெட்டை இழுக்குது” என்று ஒன்டிரைவை நிறுத்துவார்கள். டெஸ்க்டாப் காலியாகிவிடும்.

ராயக்கோட்டைத் தக்காளி மண்டி ஒன்றின் கணக்குப் பிள்ளைக்கு நடந்தது இதேதான். வரவுச் சீட்டு மொத்தமும் போய்விட்டது என்று வந்தார். யூசர்ஸ், அவர் பெயர், ஒன்டிரைவ், அதற்குள் டெஸ்க்டாப் என்று நான்கு முறை டபுள் கிளிக் செய்தேன். எல்லாம் இருந்தது. காசு வாங்கவே கூச்சமாக இருந்தது, டீக்குச் சொன்னார்.

ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, நெட்டில் இருக்கிறது என்று பொருள். வைஃபை கொடுத்து, அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு என்ற பொருளில் வரும் வரியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் இறங்கியபின் வெளியே காப்பி செய்யுங்கள்.

ஃபோல்டரிலும் இல்லையா? பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்துக்குப் போய் உள்ளே நுழைந்து பாருங்கள். அங்கே ரீசைக்கிள் பின் தனியாக உண்டு. தனிநபர் கணக்கில் அழித்தவை 30 நாள் அதில் கிடக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். கல்யாண ஆல்பம் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு மூலைக்குக் காணாது, ஆகவே எல்லாம் மேலே ஏறியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

எந்தக் கணக்கு என்பதுதான் பலர் சிக்கும் இடம். ஓஎஸ் போட்டுக் கொடுத்தவர் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியையோ, அங்கேயே உருவாக்கிய ஏதோ ஒரு ஐடியையோ போட்டிருப்பார். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியைத் திறந்து, மேலே இருக்கும் மெயில் முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லை என்றால் போட்டவரை இப்போதே பிடியுங்கள். நான்காவது படியிலும் அந்தக் கணக்கு தேவைப்படலாம்.

படி 3: விண்டோஸ் டாட் ஓல்டு

விண்டோஸ் மேல் விண்டோஸ் ஏறும்போதும், ஃபார்மட் செய்யாமல் புதிதாகப் போடும்போதும், பழையதை மூட்டை கட்டி விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டரில் சி டிரைவிலேயே வைத்துவிடும். எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தேர்ந்தெடுத்து அப்கிரேடு செய்திருந்தாலும் பழைய ஃபைல்கள் சில நாள் இதில் கிடக்கும். வழக்கமாகப் பத்து நாள். அதன் பிறகு விண்டோஸ் தானே அழித்துவிடும், உங்களிடம் கேட்காது.

சந்தூர் அக்கா வந்தது ஒன்பதாவது நாள். அன்று காலையில்கூட அந்தப் பையன் சி டிரைவ் சிவப்பாக இருக்கிறது என்று செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போயிருக்கிறான். அங்கே தற்காலிக ஃபைல்கள் பட்டியலில் முந்தைய விண்டோஸ் நிறுவல் என்று ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்து நீக்கினால் பத்து ஜிபி, இருபது ஜிபி மிச்சமாகும், கூடவே கணக்கும் போகும். நல்ல வேளை, பெரிதாக இருக்கிறதே என்று பயந்து விட்டுவிட்டான்.

எடுக்கும் முறை: விண்டோஸ் பட்டனையும் ஈ என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து அழுத்தி சி டிரைவைத் திறங்கள். விண்டோஸ் டாட் ஓல்டு, அதற்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பழைய பெயர். அனுமதி இல்லை என்று பெட்டி வந்தால் கன்டின்யூ கொடுங்கள். சில நிமிஷம் எடுக்கும், விடுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். நடுவில் கரண்ட் போனால் கட் செய்த ஃபைல் அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் ஆகலாம். நம் ஊரில் கரண்டை நம்பி நான் எதையும் கட் செய்வதில்லை. சேர்க்கும் இடம் வெளி ஹார்ட் டிஸ்க்காக இருக்கட்டும்.

டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் எடுத்ததும் முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். முடியவில்லை. கடைக்காரர்களுக்கும் டிடிபி வேலை செய்பவர்களுக்கும் உயிரானவை வேறு இடத்தில் இருக்கின்றன.

டேலி தரவு பெரும்பாலும் யூசர்ஸில் உங்கள் பெயருக்குள் இருக்காது. பக்கத்தில் இருக்கும் பப்ளிக் ஃபோல்டரில் டேலியின் பெயரில் ஒரு ஃபோல்டரும் அதற்குள் டேட்டாவும் இருக்கும். உள்ளே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள்தான் உங்கள் கம்பெனிகள். எண்ணைப் பார்த்து ஏதோ குப்பை என்று நினைக்க வேண்டாம். டேட்டா ஃபோல்டரை முழுசாக எடுங்கள். அவுட்லுக் மெயில் வைத்திருப்பவர்கள் டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குரோம் புக்மார்க்குகள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும், எடுத்துவிடலாம். அதில் சேமித்த பாஸ்வேர்டுகள் அந்தப் பழைய கணக்கோடு பூட்டப்பட்டவை. ஃபைலைக் காப்பி செய்தால் மட்டும் திறக்காது.

அப்புறம் ஃபான்ட். இதைத் தமிழில் டைப் அடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். பழைய கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கூட்டுறவுச் சங்கத் தீர்மானம் எல்லாம் திறக்கிறது, ஆனால் எழுத்துகள் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரிகின்றன. ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்தவர்கள் இருக்கிறார்கள். ஃபைல் கெடவில்லை, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது, அந்த எழுத்துரு புதிய விண்டோஸில் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் டாட் ஓல்டுக்குள் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் போய் எடுத்துப் போட்டால் எழுத்து திரும்பிவிடும். அங்கே இல்லையென்றால் பழைய பெயருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள்; ஒருவருக்கு மட்டும் என்று நிறுவிய எழுத்துருக்கள் அங்கேதான் தங்கும். தமிழக அரசு 2010-லேயே, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறைக்கு மாறச் சொல்லிவிட்டது. ஆனாலும் பிரஸ்களில் பாமினி இன்னும் ஓய்வு பெறவில்லை.

படி 4: டி டிரைவையே காணோம்

ஃபைல் என்ன, முழு டிரைவையே காணோம் என்றால் சந்தோஷப்படுங்கள். ஒரு ஃபைல் தொலைவதைவிட இது நல்ல செய்தி. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். கீழே கட்டம் கட்டமாகத் தெரியும். அதில் உங்கள் டி டிரைவ் அளவுக்கு ஒரு கட்டம் எழுத்து இல்லாமல் இருந்தால், அதில் ரைட் கிளிக் செய்து டிரைவ் எழுத்தை மாற்றும் வரியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும், வந்துவிடும். டிஸ்க்கை ஃபார்மட் செய்யவோ இனிஷியலைஸ் செய்யவோ கேட்டு ஒரு பெட்டி குதித்தால் கேன்சல் கொடுங்கள். நூறு முறை கேட்டாலும் கேன்சல்தான்.

கட்டத்தில் பூட்டுக் குறி இருந்தாலோ, திறக்கும்போது 48 இலக்க எண் கேட்டாலோ அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் ஏற்பாடு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். பிரவுசரில் அந்தக் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். யாரோ ஒருவருடைய மெயில் ஐடியில் நுழைந்திருந்தால் ஏன் அவரைப் பிடிக்கச் சொன்னேன் என்று இப்போது புரியும். அந்த 48 எண் இல்லாமல் பிட்லாக்கரை உடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

படி 5: பெயரை மறந்து வகையால் தேடுங்கள்

பெயர் நினைவில்லை, இடம் நினைவில்லை என்றால் திஸ் பிசியைத் திறந்து, மேலே தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, பிறகு ஃபைலின் வால் எழுத்துகளை அடியுங்கள். எக்செல்லுக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ், வேர்டுக்கு டிஓசிஎக்ஸ், போட்டோவுக்கு ஜேபிஜி. மறைந்த ஃபைல்கள் தெரியும்படி வியூ மெனுவில் மாற்றிவிட்டுத் தேடுங்கள். வந்த பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினால் வேலை சீக்கிரம் முடியும்.

தேடும் நேரத்தில் இன்னொன்றையும் யோசியுங்கள்: இதே ஃபைல் வேறு எங்கே போனது? ஆடிட்டருக்கு மெயில் அனுப்பியிருந்தால் சென்ட் பெட்டியில் இருக்கும். பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் போனில் இருக்கும். ஸ்டுடியோக்காரர் என்றால் மெமரி கார்டை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று மாதிரி இ-சேவையில் எடுத்தவற்றை மீட்கக் காசு செலவழிக்க வேண்டாம், மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

படி 6: உண்மையிலேயே அழிந்திருந்தால்

விண்டோஸே ஃபைலை அழித்த வரலாறும் உண்டு. 2018 அக்டோபரில் வந்த 1809 பதிப்பு, டாக்குமென்ட்ஸ் மாதிரியான ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலரின் பழைய ஃபோல்டரை, அதில் மிச்சமிருந்த ஃபைல்களோடு சேர்த்து நீக்கிவிட்டது. சில நாளிலேயே அதை நிறுத்தி, சரிசெய்து நவம்பரில் மறுபடி விட்டார்கள். ஆகவே ஐந்து படிகளிலும் கிடைக்கவில்லை என்றால், அல்லது சி டிரைவை ஃபார்மட் செய்திருந்தால், மீட்பு மென்பொருள்தான் வழி.

முதலில் உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு காலியான இடத்தைக் கையோடு துடைத்துவிடச் சொல்லும். சந்தை முடிந்ததும் பெருக்கித் தள்ளும் ஊர் மாதிரி. அதில் அழிந்தது திரும்புவது அபூர்வம். இதை முதலிலேயே சொல்லிவிடும் கடைக்காரரை நம்பலாம்.

கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். மீட்பு மென்பொருளை அந்த வேறு கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். மீட்டதைச் சேமிப்பதும் மூன்றாவது ஒரு டிஸ்க்கில். தொலைந்த டிஸ்க்கிலேயே சேமித்தால், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க இன்னொரு வாளியை வீசிய கதை.

எளிதானது ரெகுவா; படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்று ஒன்றை இலவசமாக ஸ்டோரில் வைத்திருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்ட வேண்டியது, எந்த டிரைவிலிருந்து எந்த டிரைவுக்கு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே டிரைவாக இருந்தால் ஏற்காது. அண்மையில் அழித்ததற்கு ரெகுலர் முறை, ஃபார்மட் செய்த டிஸ்க்குக்கு எக்ஸ்டென்சிவ் முறை. எதிலும் வராதபோது நான் போட்டோரெக் போடுவேன். பெயர்தான் போட்டோ, வேர்டு, எக்செல், பிடிஎஃப் எல்லாம் எடுக்கும். ஆனால் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். எண் போட்ட ஆயிரக்கணக்கான ஃபைல்களைக் குவித்துவிடும். உட்கார்ந்து பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். பெரிய டிஸ்க் என்றால் தேடலே மணிக்கணக்கில் ஓடும், யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். உடனே அணையுங்கள். அது மென்பொருள் வேலை இல்லை, தூசியில்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் லேபின் வேலை. ஓசூர் தாண்டினால் பெங்களூரு, போய்விடலாம். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள்: எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு, எடுத்த ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவீர்களா. சாதாரணக் கணக்கு என்றால் அந்தச் செலவுக்கு மறுபடி டைப் அடித்துவிடலாம். குழந்தையின் முதல் வருஷப் படங்கள் என்றால் கணக்கு வேறு, அது உங்கள் முடிவு.

இன்னும் மாற்றாதவர்களுக்கு

சிஸ்டத்தைக் கடையில் கொடுக்கும்போது வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டுங்கள். எந்தெந்த ஃபோல்டர் வேண்டும், டேலி இருக்கிறதா, தமிழ் ஃபான்ட் இருக்கிறதா, ஃபார்மட் செய்யலாமா கூடாதா, பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், யாருடைய மெயில் ஐடி போட வேண்டும். என் கடையில் நானே இப்போது அப்படி ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறேன். கையெழுத்து வாங்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை.

சந்தூர் அக்காவின் கணக்கு விண்டோஸ் டாட் ஓல்டில் முழுசாகக் கிடைத்தது. வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, அதில் ஏற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து இன்னொரு டிஸ்க் வாங்கிப் போனார். ஒன்று நர்சரியில், ஒன்று வீட்டு பீரோவில்.